அத்தானுக்கு நான் வைத்த பேனர்கள்

அக்டோபர் 6, புதன்

எல்லாம் நான் முன்னமே சொன்னதுதான். அத்தான் ஒருநாள் இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போவார் என்று அக்கா கல்யாணத்தன்றே சொன்னேன். பந்தியில் பாயசத்தைச் சாப்பிடாமல் டம்ளரில் எது வரைக்கும் ஊற்றியிருக்கிறார்கள் என்று பார்த்த மாப்பிள்ளை வேறு என்ன செய்வார்? அன்றைக்கு யாரும் காதில் வாங்கவில்லை. இப்போது நடந்துவிட்டது. ஆகவே இன்று முதல் நடப்பதையெல்லாம் இந்த உரக்கம்பெனி டைரியில் எழுதி வைக்கிறேன். பின்னால் யாருக்காவது சாட்சி வேண்டியிருக்கும்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தென்காசியில் 'ஆவுடை டிஜிட்டல்ஸ்' ஆவுடையப்பன் என்றால் கைக்குழந்தைக்கும் தெரியும். காதுகுத்து முதல் கட்சி மாநாடு வரை ஃபிளெக்ஸ் பேனர் அடிப்பது என் கடையில்தான். படிப்பு ஒன்பதாவது. ஆனால் ஒன்பதாவதை மூன்று வருடம் படித்தேன், கூட்டிப் பார்த்தால் பதினொன்று.

அத்தான் பெயர் திருமலைக்கொழுந்து. லாரி எடைமேடையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் எதையாவது அளக்காமல் இருக்க முடியாமல், மாடியில் ஒரு மழைமானி வைத்துக்கொண்டார். காலை எட்டரைக்கு அதில் விழுந்திருக்கும் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்ப்பார். பார்த்ததை 'இன்று பெய்த மழை' என்ற தன் பிளாக்கில் ஏற்றுவார். ஒரே வரி. மழை 4.6 மி.மீ. அவ்வளவுதான். பெயருக்குக் கீழே 'அளந்ததை மட்டும் எழுதுகிறேன்' என்று ஒரு வாசகம். இதைப் படிக்கவும் நாற்பது பேர் இருக்கிறார்கள்.

நேற்றுக் காலை எட்டரைக்கு 0.0 என்று ஏற்றியிருக்கிறார். பிறகு ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மேசையில் ஒரு துண்டுச் சீட்டு. 'தேட வேண்டாம். எட்டரைக்கு மானியைப் பார்க்கவும்.'

அக்கா பரமகல்யாணி அழவில்லை. மாத்திரை டப்பாவைத்தான் திறந்து பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அத்தானுக்கு நெஞ்சில் குழாய் வைத்திருக்கிறது. ஒருநாள் கூட மாத்திரையை விடக்கூடாது.

"ஒரே ஒரு அட்டைதான் எடுத்திருக்காவ. பதினஞ்சு மாத்திரை. பத்தொன்பதாம் தேதியோட தீரும்" என்றாள்.

"மெடிக்கல் இல்லாத ஊரா அக்கா?"

"நான் கையில எடுத்துக் குடுத்தாத்தாம்ல போடுவாவ, இல்லாட்டி மறந்துருவாவ. இருக்கிற பதினஞ்சையே போடுதாவளோ என்னமோ."

காரணம் என்ன என்று ஊரே கேட்கிறது. காரணம் மழை. செப்டம்பர் கடைசியில் அத்தானும் நானும் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நின்றோம். அத்தான் வானத்தைப் பார்த்து, "மூணாம் தேதி கொட்டும் ஆவுடை" என்றார். குடும்பப் பெருமையை ஊருக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. பஸ் ஸ்டாண்ட் எதிரே பத்தடிக்கு எட்டடியில் ஒரு பேனர் வைத்தேன். 'அக்டோபர் 3 பெருமழை! கணித்தவர் மழைஞானி திருமலைக்கொழுந்து.' ஓரத்தில் என் படம், காதில் செல்போனோடு.

மூணாம் தேதி வெயில் அடித்தது. வெயிலுக்கு நானா பொறுப்பு?

நாலாம் தேதி ஆய்க்குடிப் பக்கத்திலிருந்து உச்சிமாகாளி என்ற விவசாயி அத்தான் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினார். பேனரை நம்பி மானாவாரியில் உளுந்து விதைத்தாராம். விதையை எறும்பு தின்றுவிட்டதாம். தெருவே கூடிவிட்டது. அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். நானும் அப்போது அவசரமாக ஒரு ஆர்டருக்குப் போக வேண்டியிருந்தது.

அக்டோபர் 7, வியாழன்

மழை 0.0. அக்கா பார்த்துச் சொன்னாள், கோமதி ஏற்றினாள். கோமதி அக்கா மகள், பி.காம். கடைசி வருடம். போலீசில் எழுதிக் கொடுத்தோம். கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனவர் தானே வருவார் என்றார்கள். எனக்கு மட்டும் தனியாக நாற்காலி போட்டார்கள். அது பெஞ்சு என்கிறாள் கோமதி.

அக்டோபர் 8, வெள்ளி

கோமதி கடைக்கு வந்தாள்.

"மாமா, அப்பா எங்க இருந்தாலும் எட்டரைக்கு மேல பிளாக்கைப் பாப்பாவ. இன்னிக்கு எவ்வளவுன்னு பாக்காம அவியளால இருக்க முடியாது. சைடுபார்ல ஒரு வரி போடுவோம். 'அப்பா, வாங்க'ன்னு."

சைடுபார் என்பது பிளாக்கின் வலது ஓரத்தில் ஒல்லியாக ஓடும் பட்டை. கடை வாசலில் தொங்கவிடுகிற மாதிரி அதில் எதை வேண்டுமானாலும் தொங்கவிடலாம். அத்தான் அதில் பழைய மாதங்களின் பட்டியல் தவிர ஒன்றும் வைக்கவில்லை. வெறும் சுவர். பார்க்கவே எனக்கு வயிறு எரிந்தது.

"வரி எதுக்குட்டி? பேனரே வைப்போம். மாமா தொழில் என்ன? எத்தனைக்கு எத்தனைன்னு மட்டும் சொல்லு."

"அகலம் இருநூத்தி இருபது."

"அடியா?"

மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். "பிக்சல் மாமா. உங்க உள்ளங்கை அகலம்."

எனக்குத் தெரியாதா? பிள்ளை சிரிக்கட்டும் என்றுதான் கேட்டேன்.

அக்டோபர் 9, சனி

பேனர் தயார். வாழ்நாளில் இப்படி ஒரு வேலை செய்ததில்லை. பத்துக்கு எட்டில் அடித்தால்தான் எனக்குக் கை ஓடும் என்பதால் அப்படியே செய்து கோமதியிடம் கொடுத்தேன். கம்ப்யூட்டரே திணறியது. அவள் அதைச் சுருக்கிச் சுருக்கித் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்து, சைடுபாரில் மாட்டிவிட்டுப் பரீட்சைக்குக் கட்டணம் கட்ட ஓடிவிட்டாள்.

மத்தியானம் கடைக்குள் அக்கா வந்த வேகத்தில் கதவுக் கண்ணாடி ஆடியது.

"ஏல, பாவி! அவிய உசுரோட இருக்கும்போதே என்னல செஞ்சு வச்சிருக்க?"

சுருக்கியதில் 'காணவில்லை' என்ற எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிட்டது. அத்தான் படம் நடுவில் முட்டை வடிவத்தில் நன்றாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு நன்றாகத் தெரிந்தது. கீழே கைகூப்பி நின்ற என் படம் மிக நன்றாகத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், முட்டை வடிவ ஓட்டை உள்ள டிசைன் என்னிடம் ஒன்றுதான் உண்டு. வாரத்துக்கு நாலு அடிப்பேன். கண்ணீர் அஞ்சலிக்கு.

அதற்குள் பதினேழு பேர் கீழே கருத்து எழுதிவிட்டார்கள். 'ஆழ்ந்த இரங்கல்.' 'மழையை அளந்த கைகள் ஓய்ந்தன.' சிங்கப்பூரிலிருந்து ஒருவர், 'என்றைக்குக் காரியம்?'

அக்கா கடைக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோமதி ஓடி வந்து பேனரை எடுத்தாள். அக்காவைக் கைத்தாங்கலாக எழுப்பி வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

அக்டோபர் 10, ஞாயிறு

அக்கா பேசவில்லை. மழை 0.0.

அக்டோபர் 11, திங்கள்

காலையில் நல்ல மழை. அக்காவுக்குக் காய்ச்சல், கோமதிக்குப் பரீட்சை. அளவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பை ஏற்றேன். மாடிப்படி முழுக்கப் பாசி. மழை பெய்ததைக் கண்ணால் பார்த்தவனுக்கு மானி எதற்கு? தெருவில் தண்ணீர் கணுக்கால் வரை ஓடியது. முப்பத்திரண்டு என்று ஏற்றினேன். கம்பீரமான எண்.

அக்டோபர் 12, செவ்வாய்

இன்று ஒரு விஷயம் நடந்தது. நிதானமாக எழுதுகிறேன்.

நேற்றைய பதிவுக்குக் கீழே பெயரில்லாமல் ஒரு கருத்து. நேரம் காலை 8.42. 'புள்ளிக்குப் பின் எண் இல்லாத அளவு, பார்க்காத அளவு. மானியைத் திறந்து பார்க்கவும்.'

கோமதி அதை வாய்விட்டு வாசித்தாள். இரண்டாவது தடவையும் வாசித்தாள். அக்கா காய்ச்சலோடு எழுந்து வந்து திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அவியதாம்ட்டி. திட்டுதாவ பாரு. அவியளேதான்."

ஆக, அத்தான் உயிரோடு இருப்பதைக் கண்டுபிடித்தது யார்? நான் தப்பாக எழுதியிருக்காவிட்டால் இது நடந்திருக்குமா? இதை நான் வேண்டுமென்றே செய்தேன் என்று சொன்னேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் காய்ச்சல் எனக்கு வந்துவிட்டது.

கோமதி மாடிக்குப் போய் மானியைத் திறந்து பார்த்து வந்தாள். 11.4. திருத்திப் போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, ஒண்ணு கேக்கேன். மூணாம் தேதி மழை வரும்னு அப்பா நெசமாவே சொன்னாவளா?"

"என்னட்டி சந்தேகம்? டீக்கடையில, என் தோள் மேல கையைப் போட்டு, காதோட சொன்னாவ."

"அப்பா டீ குடிக்க மாட்டாவளே."

"பாலுதான் குடிச்சாவ."

அவள் எழுந்து போனாள். சின்னப்பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

அக்டோபர் 13, புதன்

சைடுபாரில் புது வசதி ஒன்றை மாட்டினோம். நான் யோசனை சொன்னேன், கோமதி செய்தாள். யோசனையும் தன்னுடையது என்று அவள் சொல்லக்கூடும். பிளாக்கை யார் திறந்தாலும், எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று அது வரிசையாகக் காட்டும். எங்கள் கம்ப்யூட்டரை மட்டும் காட்டாதபடி கோமதி அடைத்து வைத்தாள்.

காலை எட்டரைக்கு மூன்று பேரும் அதன் முன்னால் உட்கார்ந்தோம். அக்கா 2.2 என்று சொல்ல, கோமதி ஏற்றினாள். துபாய் வந்தது. கோவை வந்தது. பிறகு 8.42க்கு, மதுரை. அந்த ஆள் இன்றைய அளவை மட்டும் பார்த்தார். ஒரு நிமிஷம் கூட இல்லை. போய்விட்டார்.

"மதுரையில எங்கட்டி?" என்றாள் அக்கா.

"அது தெரியாதும்மா. ஏதோ பிரவுசிங் சென்டரா இருக்கும். ஊரு மட்டுந்தான் காட்டும்."

அக்கா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எட்டு மாத்திரை தீர்ந்துபோச்சு. இன்னிக்கு ஒம்பதாவது" என்றாள்.

அக்டோபர் 14, வியாழன்

மறுபடியும் மதுரை, 8.41.

ஆள் அங்கே பார்க்கிறார் என்றால் கடையை அலங்கரிக்க வேண்டாமா? கோமதி காலேஜுக்குப் போனபின் நானே உட்கார்ந்தேன். இனி இந்தத் தொழிலும் எனக்கு அத்துப்படி. ஒன்று, ஓடும் எழுத்து: 'மழைஞானியே வருக! குடும்பம் அழைக்கிறது!' சிவப்பில், இடமிருந்து வலமாக, மின்னிக்கொண்டே ஓடும். இரண்டு, திறந்தவுடன் நாதஸ்வரம். மூன்று, பார்வையாளர் எண்ணிக்கை. அது பூஜ்யத்தில் தொடங்குவேன் என்றது. மங்களகரமாக இல்லை. பத்து லட்சத்தில் தொடங்கச் சொன்னேன்.

அக்டோபர் 15, வெள்ளி

8.44. திருச்சி.

"அங்க எதுக்குப் போனாவ?" என்றாள் அக்கா.

"மலைக்கோட்டை பாக்கப் போயிருப்பாவ" என்றேன்.

பிரவுசிங் சென்டரில் திடீரென்று நாதஸ்வரம் அலறினால் அப்பா என்ன செய்வார் என்று கோமதி கேட்டாள். நாதஸ்வரத்தை எடுத்துவிட்டாள். அந்தப் பத்து லட்சத்தையும் காட்டினாள். "எண்ணு தப்பா இருந்தா அப்பாவுக்கு மேலெல்லாம் அரிக்கிற மாதிரி இருக்கும் மாமா. நாப்பது பேரு படிக்கிற பிளாக்."

பத்து லட்சத்தையும் எடுத்துவிட்டாள். ஓடும் எழுத்தை எடுக்க வந்தபோது விடமாட்டேன் என்றேன்.

அக்டோபர் 16, சனி

ஆயுதபூஜை. பிரிண்டருக்குச் சந்தனம் வைத்தேன். கம்ப்யூட்டருக்கு வைக்கும்போது குங்குமம் விசைப்பலகையில் விழுந்து இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டது. வருடா வருடம் தட்டோடு வருகிற அக்கா வரவில்லை.

பூஜை முடிந்த கையோடு சைடுபாருக்குப் புதிய பேனர். இந்தத் தடவை குத்துவிளக்கு இல்லை, மேகமும் மின்னலும். 'மழைஞானி' என்பதைத் தங்க எழுத்தில் போட்டேன். ஓரத்தில் நான், காதில் செல்போனோடு. யாரிடம் பேசுகிறேன் என்று கேட்டாள் கோமதி. வானிலை ஆபீசில் என்றேன்.

இன்றும் 8.42. திருச்சி.

அக்டோபர் 17, ஞாயிறு

8.43. விழுப்புரம்.

கோமதி ஒரு தாளை எடுத்து இரண்டு வரிசையாக எழுதினாள். ஒரு பக்கம் நான் சைடுபாரில் மாட்டியவை, மறுபக்கம் ஊர்கள். எழுதி முடித்து என் முன்னால் வைத்தாள்.

"மாமா, நீங்க ஒண்ணு மாட்டுதீய. சாயங்காலம் அதைப் பாத்துட்டு அப்பா ஒரு ஊரு தள்ளிப் போறாவ."

"அது தற்செயலுட்டி."

"மழைஞானி, மழைஞானின்னு எத்தனை தடவை எழுதுவீய? அந்த வார்த்தைக்காகத்தான போனாவ!"

இவ்வளவு சத்தமாக அவள் என்னிடம் பேசியதில்லை. கடைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் வேலையில் மும்முரமாக இருந்தேன்.

அக்டோபர் 18, திங்கள்

8.42. சென்னை.

மத்தியானம் உச்சிமாகாளி கடைக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று எண்ணி மெஷினுக்குப் பின்னால் எதையோ தேடினேன். அவர் உட்காரக்கூட இல்லை. தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, அன்னிக்கு சார் வீட்டு வாசல்ல சத்தம் போட்டேன். மனசு ஆறல. இருபது வருசமா அவரு எடைமேடைக்கு மூட்டை கொண்டு போயிருக்கேன். ஒரு கிலோ கூட்டிச் சொன்னதில்ல, கொறச்சுச் சொன்னதில்ல. அவரா இப்படிச் சொல்லியிருப்பாருன்னு நெனைக்க நெனைக்க ஒட்டவே மாட்டேங்கு. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சொன்னாரா, சொல்லலியா?"

நேரான கேள்வி. நான் நேராகத்தான் பதில் சொன்னேன். அன்றைக்கு டீக்கடையில் கூட்டம், அத்தான் கையில் குடை, மேற்கே கருத்திருந்தது, நூறு மில்லிமீட்டருக்குக் குறையாது என்று சொன்னார், பக்கத்தில் இருந்த கண்டக்டர் கூடக் கேட்டார் என்று.

"குடையா? செப்டம்பர் கடைசியில ஒரு துளி பெய்யலியே அண்ணாச்சி."

வெயிலுக்குப் பிடித்த குடை என்றேன்.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். வாசலில் நின்று, "பொய் சொன்னது யாருன்னு தெரிஞ்சா அவரு வீட்டுக்கு வந்துருவாரு. அதுக்குத்தான் கேட்டேன்" என்றார்.

இரண்டு ஆர்டரை இன்று தப்பாக அடித்துவிட்டேன். மணமகள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மண்டபத்தின் பெயர்.

அக்டோபர் 19, செவ்வாய்

9 மணி வரை பார்த்தோம். துபாய், கோவை, சிங்கப்பூர். சென்னை வரவில்லை.

அக்கா காலியான மாத்திரை டப்பாவைக் கையில் வைத்திருந்தாள். "இன்னியோட பதினஞ்சு" என்றாள்.

நான் சென்னைக்குப் போய் ஆளைக் கூட்டி வருகிறேன் என்றேன். எனக்கு அங்கே தெரியாத ஆளில்லை. "சென்னையில எங்கல?" என்றாள் அக்கா.

அக்டோபர் 20, புதன்

இன்றும் இல்லை. பத்து மணி வரை உட்கார்ந்தோம். கோமதி திரும்பத் திரும்ப அந்தப் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தாள். அக்கா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எட்டரைக்கு யாரும் அளவு பார்த்திருக்கவில்லை. நான் மாடிக்குப் போனேன். பாசிதான், பிடித்துப் பிடித்து ஏறினேன். புனலைக் கழற்றி, உள்ளே இருந்த தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றினேன். நின்றுகொண்டு பார்த்தால் ஏழு. உட்கார்ந்து பார்த்தால் ஆறரை. தரையில் குப்புறப் படுத்து, கண்ணும் தண்ணீரும் ஒரே மட்டத்தில் வந்தபோதுதான் கோடு தெரிந்தது. 6.4. இருபது வருடமாக எழுத்து அடிக்கிறேன், இவ்வளவு நேரம் எதையும் உற்றுப் பார்த்ததில்லை. மாடித் தரை ஈரம். சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. முகமும்.

கீழே வந்து 6.4 என்று ஏற்றினேன். பிறகு சைடுபாரில் இருந்த மேகம், மின்னல், தங்க எழுத்து, ஓடும் எழுத்து எல்லாவற்றையும் எடுத்தேன். ஒரே ஒரு பேனர் வைத்தேன். இருநூற்று இருபது பிக்சல். வெள்ளையில் கறுப்பு. படம் கிடையாது, என் படம் கூட. அதில் என்ன எழுதினேன் என்பது இங்கே தேவையில்லை.

கோமதி வந்து வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 21, வியாழன்

சென்னை வரவில்லை. யாருமே அந்த நேரத்துக்கு வரவில்லை. அக்கா சாப்பிடவில்லை.

கடையில் ஒரு பத்துக்கு எட்டு அடித்து, பஸ் ஸ்டாண்ட் எதிரே அதே இடத்தில், அதே கம்பில் கட்டினேன். நானே ஏறிக் கட்டினேன். என்ன பேனர் என்பது தொழில் ரகசியம். கூட்டம் கூடி நின்று படித்தது. சிலர் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் சத்தமாகவே வாசித்துக் காட்டினார். கூட்டம் எனக்குப் பழக்கம்தான்.

உச்சிமாகாளி சைக்கிளை நிறுத்திப் படித்தார். என்னிடம் வந்து, "இது போதும் அண்ணாச்சி" என்றார். இரண்டு நாள் மழையில் மண் நனைந்துவிட்டதாம், மறுபடியும் விதைக்கப் போகிறாராம்.

அக்டோபர் 22, வெள்ளி

8.42. சென்னை.

இன்று அந்த ஆள் ஒரு நிமிஷத்தில் போகவில்லை. பதினோரு நிமிஷம் இருந்தார். கோமதி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

அக்டோபர் 23, சனி

விழுப்புரம். மழை 18.2. குனிந்து பார்த்தது.

அக்டோபர் 24, ஞாயிறு

திருச்சி.

அக்டோபர் 25, திங்கள்

எதுவும் வரவில்லை. மதுரை வரும் என்று நான் அடித்துச் சொல்லியிருந்தேன். பதினோரு மணிக்கு அக்கா, "நெஞ்சு வலிச்சு எங்கயும் விழுந்துட்டாவளோ" என்றாள். கோமதி ஆஸ்பத்திரிகளின் போன் நம்பர் தேட ஆரம்பித்தாள். எது சொன்னாலும் நானே கட்டிச் சொல்கிற மாதிரி எனக்கே கேட்டது.

அக்டோபர் 26, செவ்வாய்

மழை 12.6. எட்டரைக்கு நான்தான் பார்த்தேன், நான்தான் ஏற்றினேன். கோமதி பக்கத்தில். அக்கா வாசற்படியில்.

8.40 கோவை. 8.41 துபாய். 8.43க்கு ஒரு வரி வந்தது. கோமதி வாசிக்காமல் வாயில் கை வைத்துக்கொண்டாள். நான் எட்டிப் பார்த்தேன்.

தென்காசி.

"நம்ம கம்ப்யூட்டர்தானட்டி?"

"நம்மளதைக் காட்டாது மாமா! அடைச்சு வச்சிருக்கேம்லா!"

பஸ் ஸ்டாண்ட் மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருக்கிறது. அக்கா அதற்குள் தெருவுக்கே போய்விட்டாள். கையில் மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும். செருப்பு போடவில்லை. தூறலில் அவளுக்குப் பின்னால் நாங்கள் ஓடினோம்.

அத்தான் மாடியில் இல்லை. கீழே, ரோட்டோரம், என் பேனருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஆள் பாதியாகிவிட்டார், சட்டை தொளதொளவென்று இருந்தது. அண்ணாந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். அக்கா போய் மாத்திரையைக் கையில் வைத்தாள். அவரும் வாங்கிப் போட்டு, தண்ணீரைக் குடித்தார். பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துத்தான் மூடியைத் திருகினார்.

"நடுவுல எத்தனை நாளு போடல?" என்றாள் அக்கா.

"அஞ்சு."

"சரியாச் சொல்லுங்க."

"ஆறு."

அப்போதுதான் அவள் அழுதாள். அத்தான் அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். இந்தத் தடவை எனக்கு எந்த ஆர்டரும் இல்லை. நின்றேன்.

"இன்னிக்கு எவ்வளவு?" என்றார்.

"பன்னிரண்டு புள்ளி ஆறு, அத்தான்."

"குனிஞ்சு பாத்தியா?"

"படுத்துப் பாத்தேன்."

"படுக்க வேண்டாம். முட்டி போட்டாப் போதும்" என்றார்.

அக்டோபர் 27, புதன்

டாக்டர் பார்த்துவிட்டார். ஒரு வாரம் படுக்கை. மாடிக்கு ஏறக் கூடாது. மழை 3.0, நான் பார்த்தது. புள்ளிக்குப் பின்னால் பூஜ்யத்தையும் போட்டேன்.

சைடுபாரில் அந்தப் பேனரை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார் அத்தான். அந்த ஊர் காட்டும் வசதியை மட்டும் எடுக்கச் சொன்னார். இனி தேவையில்லையாம்.

பேனரில் எழுதியதை இந்த டைரியில் எழுதாமல் விட்டால் பின்னால் படிப்பவர்களுக்குக் கணக்கு ஒத்துவராது. எழுதிவிடுகிறேன். 'அக்டோபர் 3 மழை பெய்யும் என்று என் அத்தான் சொல்லவில்லை. நானாக எழுதினேன். ஆவுடையப்பன்.'

டீக்கடை இல்லை. குடை இல்லை. தோளில் கை இல்லை, கண்டக்டர் இல்லை. அத்தான் அன்றைக்கு என் கடைக்கு வந்தது உண்மை. வெயில் தாங்கவில்லை, மழை வருமா அத்தான் என்று நான் கேட்டதும் உண்மை. அவர் சொன்னது இவ்வளவுதான்.

"வந்த பொறவு கேளு ஆவுடை. அளந்து சொல்லுதேன்."